மறுபாய்ச்சலும் இருதயத்தின் காப்பும்



பல நாள் பட்டினி கிடந்தவர்க்கு எடுத்த எடுப்பிலே வயிறு நிறையச் சோறு இடுவது நம் வீடுகளில் வழக்கமன்று. முதலில் கஞ்சித் தெளிவு. பிறகு குழைந்த சோறு. அதன் பின்னரே குழம்பும் கறியும். பசி தீர்க்க வந்த உணவே இடராகக்கூடும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். இருதயத் தசைக்கும் இத்தகைய நிலை உண்டு என்பதை மருத்துவ உலகம் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் தெளிவாக உணர்ந்தது.

இருதயத்திற்கு இரத்தம் அளிக்கும் குழாய் ஒன்று உறைகட்டியால் அடைபடுவதே மாரடைப்பு. அக்குழாயை நம்பியிருந்த தசை பிராணவாயு இன்றித் தவிக்கின்றது. எனினும் உடனே முழுவதும் மடிந்துவிடுவதில்லை. ரைமர், ஜென்னிங்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நாய்களின் இருதயங்களை ஆராய்ந்து, அழிவானது தசையின் உட்புறத்தில் தொடங்கி, வெளிப்புறம் நோக்கி, அலைபோல் மணிக்கணக்கில் பரவுகின்றது என்று 1977-இல் காட்டினர். ஆகவே அடைப்பை விரைந்து நீக்கினால் எஞ்சிய தசையைக் காக்கலாம். கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை வைத்து இத்தாலியில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடையே நடந்த ஆய்வு 1986-இல் வெளியாயிற்று. வலி கண்ட ஒரு மணி நேரத்திற்குள் மருந்து பெற்றவர்களிடையே மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

அங்ஙனமாயின், திரும்பி வரும் குருதியால் தீங்கு எவ்வாறு நேரும்? 'ரீபெர்ஃபியூஷன்' என்னும் மருத்துவச் சொல்லைத் தமிழாக்க முற்பட்டபோது, 'மறுபாய்ச்சல்' என்பதே நமக்கு மனநிறைவு தந்தது. வறண்டு வெடித்த வயலில் மடையை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வரப்பு உடைந்து, எஞ்சியிருந்த நாற்றும் அடித்துக்கொண்டு போகுமன்றோ? ஏறக்குறைய அதுவே இங்கும் நிகழ்கின்றது.

பிராணவாயு இல்லாத வேளையில் உயிரணு வேறு வழியில் சிறிது ஆற்றலைத் தேடிக்கொள்கின்றது. அதனால் அமிலம் சேர்கின்றது. சோடியமும் அதைத் தொடர்ந்து கால்சியமும் உயிரணுவினுள் மிகுகின்றன. உயிரணுவின் அடுப்புகள் எனத்தக்க மைட்டோகாண்டிரியாக்களின் சவ்வில், அபாய வேளையில் திறந்துகொள்ளும் துளை ஒன்று உண்டு. விந்தை யாதெனில், தீயதென்று நாம் கருதும் அந்த அமிலமே அத்துளையை மூடி வைத்திருக்கின்றது. குருதி திரும்பியதும் அமிலம் சில நிமிடங்களில் கழுவப்பட்டு விடுகின்றது. புதிதாய் வந்த பிராணவாயுவிலிருந்து எதனையும் தாக்கவல்ல மூலக்கூறுகள் தோன்றுகின்றன. கால்சியமும் பெருகி நிற்கவே, துளை திறந்துகொள்கின்றது. அடுப்பு வீங்கி வெடிக்கின்றது. தசை நார்களும் அளவு மீறிச் சுருங்கித் தம்மைத் தாமே கிழித்துக்கொள்கின்றன. பட்டினியைப் பொறுத்த உயிரணு விருந்தில் மாள்கின்றது.

இதைத் தடுக்க வழியுண்டா? 1986-இல் மர்ரி என்பாரும், முன்னர்க் கூறிய ஜென்னிங்ஸ், ரைமர் இருவரும் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். நாயின் இருதயக் குழாயை ஐந்து நிமிடம் அடைத்து, ஐந்து நிமிடம் திறந்து, இவ்வாறு நான்கு முறை பழக்கியபின் 40 நிமிடம் அடைத்தனர். பழக்கப்படாத இருதயங்களோடு ஒப்பிட, அழிந்த தசை கால் பங்கே. சிறு துன்பம் பெருந்துன்பத்திற்குக் கவசமாயிற்று. ஆனால் மாரடைப்பு முன்னறிவித்து வருவதில்லையே! ஆகவே 2003-இல் வேறொரு குழுவினர், அடைப்பை நீக்கிய பின்னர், முப்பது முப்பது நொடிகளாக விட்டு விட்டுக் குருதியைச் செலுத்திப் பார்த்தனர். நாய்களில் அதுவும் பலன் தந்தது. கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கித் தளர்த்தினாலும் தொலைவிலுள்ள இருதயம் காக்கப்படலாம் என்ற நம்பிக்கையும் எழுந்தது.

மனிதரிடம் வந்தபோது இந்நம்பிக்கை தளர்ந்தது. மைட்டோகாண்டிரியத் துளையைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து, 970 நோயாளிகளிடையே நடந்த ஆய்வில் பயன் தரவில்லை என 2015-இல் தெரிந்தது. கைப்பட்டை முறையும் 5,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டு, 2019-இல் அதே முடிவைத் தந்தது. சோதனைச் சாலை விலங்கு இளமையும் உடல்நலமும் உடையது. நோயாளியோ முதியவர்; நீரிழிவும் கொதிப்பும் உடையவர்; பல மருந்துகளை உட்கொள்பவர். வேறுபாட்டிற்கு இது ஒரு காரணமாகலாம் என்பர். நமக்கும் அது பொருத்தமாகவே தோன்றுகின்றது.

அறுவைக் கூடத்தில் நிலை வேறு. இருதயம் எப்பொழுது நிற்கும், எப்பொழுது மீண்டும் இயங்கும் என்பது அங்கே முன்னமே தெரியும். 1955-இல் இலண்டனில் மெல்ரோஸ் குழுவினர் பொட்டாசியம் சிட்ரேட்டால் இருதயத்தை நிறுத்திக் காட்டினர். பின்னர்த் திருத்தம் பெற்ற கரைசல்களும் குளிர்விக்கும் முறையும் இன்று அன்றாடம் கையாளப்படுகின்றன.

இவற்றைக் கேட்டு, அடைப்பை மெதுவாக நீக்கினால் நலமோ என்று எவரும் ஐயுற வேண்டா. மறுபாய்ச்சலின் தீங்கினும் தாமதத்தின் தீங்கு பன்மடங்கு பெரிது. இதனை, ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்குக் குறிப்பாகச் சொல்ல விரும்புகின்றோம். நெஞ்சில் பாரம் அழுத்தி, இடது தோளுக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டும்போது, வாயுத் தொல்லை என்று சுக்குக் கஷாயம் வைத்துக் காத்திருப்பதும், ஊருக்குப் போய்த் தெரிந்த டாக்டரிடம் காட்டலாம் என்று ரயிலுக்கு டிக்கெட் தேடுவதும் நாம் கண்டவையே. மொழி தெரியாத கூச்சமும் அதற்கு ஒரு காரணம். வீட்டிலுள்ள பெரியவர்கள் அந்தந்த ஊர் மொழியில் இரண்டு சொற்களையேனும் கற்றிருக்கட்டும். இந்தி வழங்கும் இடங்களில் 'சீனே மே தர்த்' என்றாலும், வங்கத்தில் 'புகே ப்யதா' என்றாலும் நெஞ்சுவலி என்று புரிந்துகொள்வர். 112 என்ற தொலைபேசி எண்ணையும் சுவரில் எழுதி வைக்கலாம்.