அளந்து காட்டு, கல் நட்டுக் கொடு!

(செஞ்சி வட்டார விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோட்டையை ஆண்டவனும் நிலத்தை அளந்தான், வெள்ளைக்காரனும் சங்கிலி போட்டு அளந்தான். எல்லாம் வரி வாங்கத்தான். நமக்காக அளக்கச் சொல்லித்தான் இன்னைக்குக் கூடியிருக்கிறோம்.

நம்ம வாயில் இன்னும் காணிதான். ஒரு காணி 100 குழி, அதாவது 132 சென்ட். ஆனால் பட்டாவில் இருப்பதோ ஹெக்டேர், ஏர். ஒரு ஏர் என்பது ஏறக்குறைய இரண்டரைச் சென்ட். பட்டாவில் 0.26.5 என்று போட்டிருந்தால் அது 26 சென்ட் இல்லை அய்யா, 65 சென்ட்! எழுத்துக்கூட்டிப் படிக்கிற நம்ம பெரியவங்களிடம் "உங்களுக்கு இருக்கிறதே 26 சென்ட்தானே" என்று சொல்லிக் கைநாட்டு வாங்கப் பார்க்கிற தரகன் எந்த ஊரிலும் உண்டு. விற்பவரும் வாங்குபவரும் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்க.

அடுத்தது யு.டி.ஆர். 1979-இல் தொடங்கி 1987 வரை தமிழ்நாடு முழுக்க நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். அதிலே அண்ணன் தம்பி நாலு பேர் நிலம் ஒருத்தர் பேரில் ஏறியது உண்டு. ஒருத்தன் பாதை இன்னொருத்தன் உட்பிரிவில் விழுந்ததும் உண்டு. சர்வேயரைக் கூப்பிட்டு அளந்தால் சரியாகிவிடும் என்று பலர் பணம் கட்டுகிறோம். ஆகாது. எஃப் லைன் அளவை என்பது புலப்படத்தில் உள்ள கோட்டைத் தரையில் காட்டுவது மட்டும்தான். படமே தப்பாக இருந்தால் தப்பைத்தான் அளந்து காட்டுவார். யு.டி.ஆர். பிழைக்கு மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுப் போடணும். மூலப்பத்திரம், பழைய அ-பதிவேட்டு நகல், பழைய புலப்பட நகல் மூன்றும் கையில் வேணும்.

ஒரு சர்வே நம்பரில் பாதியை வாங்கினால் உட்பிரிவு அளவை கேளுங்க. கேட்காமல் விட்டால் கூட்டுப் பட்டாதான் வரும். அப்புறம் பயிர்க்கடனுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் பங்காளி பின்னாலே அலையணும். ஜி.பி.எஸ். கருவியோடு வருகிற தனியார் அளவை நாம தெரிஞ்சிக்க உதவும், ஆனால் அரசுப் பதிவேட்டை அது மாற்றாது.

கோட்டை ஓரத்து மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சிக் கோட்டை சேர்ந்த பிறகு விலை ஏறும் என்று ஆசை காட்டுகிறார்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புது வீடு கட்ட முடியாது. அதற்கு மேல் 200 மீட்டர் வரை அனுமதி வேணும். அந்தத் தூரத்தை அளந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

கல்லைப் பிடுங்கி வரப்பைச் சீவுகிற வேலையை நம்மில் யாரும் செய்யக் கூடாது; சட்டப்படி எல்லைக்கல்லைக் காப்பது பட்டாதாரர் பொறுப்பு. காப்பாற்றுகிறோம், முதலில் நட்டுக் கொடுங்க என்கிறோம்.

நாம் கேட்பது இதுதான்: யு.டி.ஆர். பிழைக்கு ஃபிர்க்கா தோறும் முகாம் போடு! கட்டணம் கட்டியவருக்கு அளக்கும் தேதியை எழுதிக் கொடு! பக்கத்து நிலக்காரருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடு! அளந்த அன்றைக்கே கையெழுத்திட்ட வரைபடம் கொடு!

மனு நகலும் பட்டா நகலும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் பத்துப் பேராவது வாங்க.