கானகத்தில் கூடாரம்



விடுமுறை நெருங்கினால் இளைஞர் உள்ளம் ஊர் எல்லையைத் தாண்டிவிடும். சில திங்களுக்கு முன் மதுரைக் கல்லூரி மாணவர் அறுவர் என்னை நாடி வந்தனர். ஆப்பிரிக்கக் காடுகளில் பாதையற்ற வெளியிலே வண்டியைச் செலுத்தி, சிங்கமும் யானையும் உலவும் இடத்தில் கூடாரமடித்துத் தங்குவதை அவர்கள் படத்தில் கண்டிருந்தனர். “ஐயா, அத்தகைய பயணம் நம்மால் இயலாதா?” என்று வினவினர். இயலும் என்றே விடை கூறினேன். அதற்கு ஆயத்தம் செய்வது எங்ஙனம் என்பதையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

‘சபாரி’ என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழிச் சொல். அதற்குப் பயணம் என்பதே பொருள். தான்சானியாவில் 1951-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவான செரங்கெட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் புல்வெளி. அங்கே நெடுந்தொலைவில் நிற்கும் விலங்கும் புலப்படும். ஆதலின் வண்டிப் பயணம் பொருந்துகிறது. நமது மேற்கு மலைகளின் இயல்பு வேறு. சரிவும் சோலையும் ஆளுயரப் புல்லும் நிறைந்த நிலம் அது. இருபது அடிக்கு அப்பால் நிற்கும் யானை கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். இங்கே காட்டை அறிய விரும்புவோர் காலால் நடந்தே அறிதல் வேண்டும்.

அதற்கு நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. மதுரையிலிருந்து புறப்பட்டு, உசிலம்பட்டியைக் கடந்து, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கினால் தேனி. பின்னர்ச் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியே சென்று மலையேறினால் குமுளி. ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர்ப் பயணம். குமுளியைத் தொட்டுக் கிடப்பது பெரியாறு புலிகள் காப்பகம். 1978-இல் புலிகள் காப்பகமாக்கப்பட்ட அக்காடு 925 சதுர கிலோமீட்டர்ப் பரப்புடையது. அதன் நடுவே கிளை விரித்துக் கிடக்கும் ஏரி, பென்னிகுவிக் கட்டி முடித்து 1895-இல் திறக்கப்பட்ட அணையால் உண்டானது. அந்நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, வைகையோடு கலந்து, நம் மதுரைச் சமவெளியின் வயல்களுக்கு வருகிறது. அக்காட்டில் பெய்யும் மழையே மேலூர்ப் பக்கத்து நெல்லாக விளைகிறது என்றால் மிகையன்று. ஆகவே அங்குச் செல்லும் மதுரை மாணவன் அயலானாகச் செல்லவில்லை. தன் சோற்றின் பிறப்பிடத்தைக் காணச் செல்கிறான்.

இனி, என்னிடம் வந்த மாணவரின் திட்டத்துக்கு வருகிறேன். இரண்டு தாள் நிறைய ஒரு பட்டியல் எழுதிக் கொணர்ந்திருந்தனர். கூடாரம், கயிறு, கைவிளக்கு, கத்தி, சமையல் பாத்திரம், ரொட்டி, பேரீச்சம்பழம் என எதுவும் விடுபடவில்லை. முழுவதும் படித்துவிட்டு, “உங்களை அழைத்துச் செல்பவர் யார்?” என்று கேட்டேன். அறுவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். செல்பேசியில் வரைபடம் இருக்கிறது என்றார் ஒருவர். முன்பு ஒருமுறை அப்பக்கம் சென்று வந்த நண்பர் வருகிறார் என்றார் மற்றொருவர்.

அப்போது அவர்களுக்கு நான் நினைவூட்டிய செய்தியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், போடிநாயக்கனூருக்கு மேற்கே குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்ற குழுவினர் காட்டுத்தீயில் அகப்பட்டனர். பெரும்பாலோர் இளைஞர்; பெண்கள் பலர். மாசி மாதத்து வெயிலில் சருகாகக் காய்ந்திருந்தது மலைப்புல். சமவெளியில் பரவுவதைக் காட்டிலும் மலைச் சரிவில் மேல்நோக்கித் தீ விரைந்து ஏறும் என்பது இயற்கை விதி. ஓட வேண்டிய திசை எது என்பதை அறியாதவருக்கு அம்மலை பொறியாகிவிட்டது. மீட்புக்கு விமானப்படையின் எலிகாப்டர்கள் வந்தன. காயமுற்றோர் பலர் மதுரை மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. அவர்களிடமும் நல்ல காலணியும் தோள்பையும் இருந்திருக்கும். அன்று வேண்டியிருந்தவை வேறு. இக்காலத்தில் இம்மலை ஏறலாகாது என்று தடுக்கும் ஒரு சொல்லும், அச்சொல்லுக்குக் கீழ்ப்படியும் மனமுமே அவை.

அந்தத் துயரத்தின் பின்னர் அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு மலைநடைப் பயணங்களுக்கு விதிமுறைகள் வகுத்தது. வழிகள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பிரிக்கப்பட்டன. 2024 அக்டோபரில் மாநிலமெங்கும் நாற்பது வழிகள் முறையாகத் திறக்கப்பட்டன. மலைப்பகுதி மக்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகின்றனர். குரங்கணி–சாம்பலாறு வழியும் அவற்றுள் ஒன்று. நம் மாவட்டத்திலேயே வாடிப்பட்டிப் பக்கம் தாடகை மலையிலிருந்து குட்லாடம்பட்டி அருவிக்கு ஒரு வழி உண்டு. முதன்முறை செல்வோர் இத்தகைய ஒருநாள் வழியில் கால்களைப் பழக்கிக்கொள்வது நன்று. அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறந்துவிடலாகாது.

காட்டினுள் இரவு தங்க விரும்புவோருக்குப் பெரியாற்றில் ஓர் ஏற்பாடு அமைந்தது. அதன் வரலாறு சுவையானது. குமுளியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு கூட்டத்தார் காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்து வந்தனர். காவலரின் கண்ணில் படாமல் இரவும் பகலும் காட்டில் திரிந்தவர்கள் அவர்கள். எந்த ஓடையில் கோடையிலும் நீர் இருக்கும், எந்தத் தடத்தில் யானை இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. அவர்கள்மீது வழக்குகள் பல இருந்தன. 1990-களின் பிற்பகுதியில் வனத்துறையினர் அவர்களோடு அமர்ந்து பேசினர். காட்டை அழிக்கப் பயன்பட்ட அறிவையே காட்டைக் காக்கப் பயன்படுத்த வேண்டும் என்பது உடன்பாடு. அன்று தொடங்கிய ‘புலித்தடம்’ என்னும் நடைப்பயணத்தில் அவர்களே வழிகாட்டிகள் ஆயினர். துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவர் துணை வர, சிறு குழுவாகச் சென்று காட்டில் கூடாரமடித்துத் தங்கும் பயணம் அது. முன்பு பட்டை உரித்த கைகள் பின்னர்ப் பட்டை திருடுவோரைத் தேடிச் சுற்றுக்காவல் புரிந்தன.

இம்முறை உலகுக்குப் புதிதன்று. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1978-இல் தொடங்கிய நடைப்பயணங்களிலும், ஆயுதம் தாங்கிய வழிகாட்டிகள் முன்செல்ல, எட்டுப் பேருக்கு மிகாத குழுவே செல்லும். குழு சிறிதாக இருந்தால்தான் முன்னவர் காட்டும் கைச்சைகை கடைசி ஆளின் கண்ணில் படும்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அவ்வாறு ஒருமுறை அக்காட்டில் நடந்தேன். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயது கடந்தவர், அதிகம் பேசாதவர். இரண்டாம் நாள் காலை, ஏரிக்கரைக்குச் செல்லும் ஒரு திருப்பத்தில் திடீரென நின்றார். குனிந்து ஒரு பிடிப் பொடிமண்ணை எடுத்து மெல்லச் சிந்தினார். அது எங்கள் முதுகுப் பக்கமிருந்து முன்னோக்கிப் பறந்தது. யானைக்குக் கண்பார்வை மந்தம். மோப்பமோ மிகக் கூர்மை. காற்று எங்கள் வாடையை முன்னே கொண்டுசெல்கிறது என்பதை அந்த மண் காட்டிவிட்டது. தரையில் கிடந்த சாணத்திலிருந்து அப்போதுதான் ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவர் கையை உயர்த்தித் திரும்பும்படி சைகை காட்டினார்.

எங்களுள் ஓர் இளைஞருக்கு மனத்தாங்கல். இத்தனை தூரம் வந்தும் யானையைக் காணாமல் திரும்புவதா என்று முணுமுணுத்தார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த ஆசை இருந்தது. வழிகாட்டி சினம் கொள்ளவில்லை. “ஐயா, நாம பார்க்கலேன்னாலும் அது நம்மைப் பார்த்துட்டிருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். சிறிது மேடேறியதும் கீழே மூங்கில் முறியும் ஓசை கேட்டது. பின்னர்ப் புதரினிடையே, குட்டியோடு கூடிய பிடி ஒன்றின் முதுகு தெரிந்தது. நாங்கள் செல்லவிருந்த திருப்பத்துக்கு நேர் அப்பால் அது நின்றது. அந்த இளைஞர் அன்று மாலை வரை பேசவே இல்லை.

ஆகவே, பயணத்துக்குத் திட்டமிடுவோர் பின்வரும் முறையில் எண்ணுதல் நலம். முதலில், முறையான அனுமதியும் வழிகாட்டியும். இவை கிடைக்கவில்லையெனில் பயணம் இல்லை. அடுத்தது காலம். மாசி பிறந்தது முதல் கோடைமழை வரையில் தீக்காலம். அப்போது மலைவழிகள் மூடப்படும். மூடப்பட்டவற்றைச் சுற்றிக் குறுக்கு வழி தேடலாகாது. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் அட்டைகளும் மிகுதி. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மழை ஓய்ந்த மார்கழியும் தை மாதமும் ஏற்றவை.

மூன்றாவது உடலின் நிலை. புறப்படுவதற்கு ஒரு திங்கள் முன்பிருந்தே காலையில் நடந்து பழகுங்கள். திருப்பரங்குன்றமோ அழகர்மலையோ ஏறிப் பாருங்கள். மூச்சிரைப்பு, இதயநோய் உடையோர் அதனை மறைக்காமல் முன்னரே சொல்லிவிட வேண்டும். பொருள்களைப் பற்றிய எண்ணம் இதற்குப் பின்னரே வரவேண்டும். மண்ணிறம் அல்லது பச்சை நிற ஆடை, பழகிய காலணி, அட்டை ஏறாத நீண்ட காலுறை, போதிய குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகியவை போதும். வாசனைப் பூச்சும் பாட்டுப்பெட்டியும் வீட்டிலேயே இருக்கட்டும். தீப்பெட்டி வழிகாட்டியின் கையில் மட்டுமே இருக்க வேண்டும். கொண்டுசென்ற காகிதமும் நெகிழிப் பையும் உங்களோடு ஊர் திரும்ப வேண்டும். எங்குச் செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டாருக்கு எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள். செல்பேசி மலைமடிப்புகளில் ஊமையாகிவிடும்.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்று. குழுவில் ஒவ்வொருவரும் வழிகாட்டி திரும்பு என்றால் திரும்புவதற்குப் புறப்படும் முன்பே மனமார உடன்பட வேண்டும். அவ்வாறு உடன்படாத ஒருவர், எத்துணை நெருங்கிய நண்பராயினும், குழுவில் இருத்தல் தகாது. ஒருவரின் பிடிவாதத்துக்கு மற்றவர்களும் உயிரைப் பணயம் வைக்க நேரும்.

என்னிடம் வந்த அறுவரும் அந்தக் கோடையில் காட்டுக்குச் செல்லவில்லை. தை வரையில் பொறுத்திருந்து, முதலில் குட்லாடம்பட்டிக்குச் சென்று வந்தனர். அருவியில் நீர் மெலிந்திருந்ததாம்; விலங்கு எதுவும் தென்படவில்லையாம். ஆனால் மலையேறும்போது வழிகாட்டி காட்டிய ஒவ்வொரு மரத்தின் பெயரையும் குறிப்பேட்டில் எழுதி வந்திருந்தனர். அடுத்த ஆண்டு பெரியாற்றுக்குச் செல்ல அவர்கள் தகுதி பெற்றுவிட்டனர் என்றே கருதுகிறேன். நீங்களும் செல்லுங்கள், கண்டு மகிழுங்கள், நலமே வீடு திரும்புங்கள்.