பிள்ளை காக்கும் கைகளுக்குப் பயிற்சி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் மாதர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். மாதர் பிரிவினராகிய எங்களுக்கு இவ்வாண்டு அளிக்கப்பெற்ற நேரத்தை வேறொரு பொருளுக்குச் செலவிட எண்ணினோம். பிறர் குழந்தைகளைப் பகற்பொழுதில் தம் இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்ன படித்திருக்க வேண்டும், என்ன பயின்றிருக்க வேண்டும் என்பதே அப்பொருள். நம் குடியிருப்பில் நடந்த நிகழ்ச்சி ஒன்றே எங்களை இப்படி எண்ணச் செய்தது.

இங்குள்ள பிள்ளைகள் எல்லாரும் பெரியம்மா என்று அழைக்கும் ஓர் அம்மையார் நான்கு குழந்தைகளைத் தம் வீட்டில் பார்த்து வந்தார். அக்குழந்தைகளின் தாய்மார்களுள் இருவர் கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் பணி செய்பவர். ஒருவர் சாலைக் கடைத்தெருவில் துணிக்கடையில் நிற்பவர். ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒரு நாள் பிற்பகலில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வறுத்த நிலக்கடலையை வாயில் இட்டுக்கொண்டு ஓடினான். கடலை தொண்டையில் அடைத்தது. அவன் அழவில்லை, இருமவும் இல்லை; முகம் மட்டும் நீலம் பாரித்தது. பெரியம்மா பதறி அவன் வாய்க்குள் விரலை விட்டு எடுக்கப் பார்த்தார். கடலை இன்னும் உள்ளே சென்றது. கூக்குரல் கேட்டு ஓடிவந்தவர் அடுத்த வீட்டில் விடுப்பில் இருந்த செவிலியர். அவர் பிள்ளையை முன்புறம் சாய்த்து முதுகில் ஓங்கித் தட்டினார்; பின்னர் வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்தினார். கடலை வெளியே விழுந்தது. சிறுவன் இன்று நலமாக இருக்கின்றான். சற்றுமுன் இம்மேடையில் ஆடிய பிள்ளைகளுள் அவனும் ஒருவன்.

அதன்பின் நடந்ததைத்தான் நாம் கருத வேண்டும். மறுநாள் முதல் பெரியம்மா குழந்தைகளை ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். தாய்மார் இருவர் வேலையை விட்டனர். ஒருவர் தம் குழந்தையை ஊரிலுள்ள பாட்டியிடம் அனுப்பிவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை நாகர்கோவில் ரயில் ஏறுகின்றார். பெரியம்மாவிடம் அன்புக்கோ பொறுமைக்கோ குறைவில்லை. அவர் கைகளுக்கு ஒரு செயல் தெரியவில்லை. அதை அவருக்குக் கற்பிக்க நம்மில் எவரும் நினைத்ததும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தோம். தன் வீட்டில் இரண்டு மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இன்ன படிப்பு வேண்டும் என்று விதிக்கும் நாடு தழுவிய சட்டம் நம் இந்தியாவில் இல்லை. பொறுப்பில் உள்ள குழந்தையைத் துன்புறுத்தினாலோ புறக்கணித்தாலோ 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தண்டிக்கும். தவறு நேர்ந்தபின் தண்டனை உண்டு. தவறு நேராமல் இருக்கக் கற்பிப்பார்தாம் இல்லை. ஐம்பது பேருக்குக் குறையாத பணியிடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் திருத்திய மகப்பேற்று நலச் சட்டம் கூறியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. சாலைத் தெருவின் துணிக்கடையில் ஐம்பது பேர் எங்கே? அக்கடைப் பெண்ணுக்குப் பெரியம்மாவே கதி.

அரசின் காப்பகங்களுக்கு அளவுகோல் உண்டு. 2017-இல் வகுத்த தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டத்தில் பணியாளர் பன்னிரண்டாம் வகுப்பும் உதவியாளர் பத்தாம் வகுப்பும் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. 2022-இல் அத்திட்டம் ‘பால்னா’ என்னும் புதிய திட்டத்துள் அடங்கியது. அங்கன்வாடிப் பணிக்கும் இப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பையே கேட்கின்றனர். இவ்விதியை நம் வீடுகளுக்கும் கொண்டுவரலாமே என்று இளைஞர் சிலர் கருதுகின்றனர். நாங்கள் அதற்கு உடன்படவில்லை. பெரியம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். அவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தால் மட்டும் கடலை வெளியே வந்திருக்குமா? படிப்பு வேறு; பயிற்சி வேறு. 1969-இல் மீரா மகாதேவன் அம்மையார் தில்லியில் கட்டுமானத் தொழிலாளர் குழந்தைகளுக்கென ‘மொபைல் கிரெச்சஸ்’ அமைப்பைத் தொடங்கினார். குழந்தையைப் பேணுவது ஒரு தொழில், அது கற்றுக் கைவரவேண்டிய தொழில் என்பதை அவ்வமைப்பு தன் பயிற்சிகளால் காட்டியது.

பிற நாடுகளில் இதைத் தொழிலாகவே எண்ணி விதி செய்துள்ளனர். இங்கிலாந்தில் 1948-இலேயே குழந்தை பார்ப்போரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. நம்மவர் பலர் வாழும் மலேசியாவில் 1984-ஆம் ஆண்டின் சட்டப்படி, நான்கும் அதற்கு மேலும் பிறர் குழந்தைகளைக் கட்டணம் பெற்றுப் பார்க்கும் வீடும் காப்பகமாகவே கருதப்படும். பிரான்சில் வீட்டில் குழந்தை பார்க்கும் பெண் 120 மணி நேரம் பயில வேண்டும். அதில் 80 மணி நேரத்தை முதற்குழந்தையை ஏற்பதற்கு முன்னரே முடித்திருக்க வேண்டும். அந்த ‘முன்னரே’ என்னும் சொல் எங்கள் மனத்தில் தைத்தது.

இந்நகரில் பயில வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முன்மழலைப் பருவப் பேணல் பட்டயத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம். அதன் மண்டல மையம் நம் நகரிலேயே உள்ளது. தேசியத் திறன் திட்டத்தில் ‘குழந்தைப் பராமரிப்பாளர்’ என்று ஒரு தொழிற்பிரிவு உண்டு. வீட்டுப் பணியாளர்க்கான திறன் மன்றம் அதனை வகுத்துள்ளது. குடும்பஸ்ரீயும் இல்லங்களுக்குச் சென்று பராமரிக்கும் பணிக்குப் பெண்களைப் பயிற்றுகின்றது. இளம் பெண்களுக்கு இவை நன்று. அறுபது வயதைத் தொடும் நம் பெரியம்மாக்கள் பட்டயம் பெற வேண்டுவதில்லை.

அவர்களுக்கு முதலில் வேண்டுவது முதலுதவி. ஓராண்டு நிரம்பாத சிசுவுக்குத் தொண்டை அடைத்தால், தலை தாழ முன்கையின்மேல் கவிழ்த்து முதுகில் ஐந்து முறை தட்டவேண்டும். பயனில்லையேல் மல்லாத்தி மார்பை ஐந்து முறை அழுத்தவேண்டும். ஓராண்டு கடந்த பிள்ளைக்கு மார்புக்கு மாறாக வயிற்றை அழுத்தவேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவலாகாது. இவற்றைக் கேட்ட அளவில் கை கற்றுக்கொள்ளாது; பொம்மையை வைத்துப் பலமுறை செய்து பழக வேண்டும். சிசுவை மல்லாத்தியே உறங்கவிடுதல், ஓராண்டு வரை தேன் நாவில் தடவாமை, மூக்கில் எண்ணெய் விடாமை ஆகியவையும் இப்பயிற்சியைச் சேர்ந்தவை. ஈற்றில் சொன்ன இரண்டும் நம் வீட்டு வழக்கங்களோடு மோதும் என்பதை அறிவோம். பாட்டிமார் சினம் கொள்ளற்க. தாலாட்டையும் நிலாச் சோற்றையும் எந்த மருத்துவரும் தடுக்கவில்லை!

அடுத்து, நம் நகரின் பெயரையே தாங்கிய கருவி ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தினர் உருவாக்கிய ‘திருவனந்தபுரம் வளர்ச்சி அறிபட்டியல்’ 1991-இல் வெளியாயிற்று. பிறந்தது முதல் இரண்டு வயது வரைக்கும் அதில் 17 குறிப்புகளே உள்ளன. முகம் பார்த்துச் சிரித்தல், தலை நிற்றல், குப்புறப் புரளுதல், ஒலி வந்த பக்கம் திரும்புதல், ஒரு கையிலுள்ள பொருளை மறுகைக்கு மாற்றுதல், தனியே நடத்தல், இரண்டு சொல் பேசுதல் என அவை தொடரும். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்கு இடப்புறம் முடிந்துவிட்ட ஒன்றைக் குழந்தை செய்யாவிடில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு பேனாவும் சாவிக்கொத்தும் இருந்தால் போதும். சில நிமிட வேலை. நாள் முழுதும் பிள்ளையோடு இருப்பவர் பெரியம்மாதான். மாலை ஏழு மணிக்குக் களைத்து வரும் தாய், குழந்தை ஒலி கேட்டுத் திரும்பவில்லை என்பதை எப்படிக் காண்பாள்? செவிப்புலன் குறையை ஆறாம் மாதத்தில் அறிவதற்கும் மூன்றாம் ஆண்டில் அறிவதற்கும் உள்ள வேறுபாடு அப்பிள்ளையின் பேச்சையே நிர்ணயிக்கும்.

பேச்சு என்றதும் தமிழ்ச் சங்கத்தார் செவி சாய்ப்பீர். நம் பிள்ளைகள் அங்கன்வாடியில் மலையாளம் கேட்கின்றனர்; வீட்டில் தமிழ் கேட்கின்றனர். இரண்டும் நன்றே. கைப்பேசியைக் கையில் கொடுத்து உட்காரவைத்தால் இரண்டும் வாரா. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றே உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. பிள்ளையோடு பேசுவதற்கும் பயிற்சியா என்று நகைக்கலாம். சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் என்ன பேசுவது, பிள்ளை மழலையில் விடை சொல்ல எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பவற்றையும் கற்பிக்கலாம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியப் பயிற்சி தொடங்கியபோது, குழந்தையைக் கவனித்துப் பார்க்கும் பழக்கத்தையே பெரிதும் வற்புறுத்தினார்.

இவை எல்லாம் இலவசமாக நடவா என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றோம். பெரியம்மா ஒரு நாள் பயிலச் சென்றால் அன்றைய வருவாய் போகும். அன்று குழந்தைகளை வேறொருவர் பார்க்கவேண்டும். பயிற்சிச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டுகின்றோம். பயிற்சி நாளிலும் அவருக்குரிய கட்டணத்தைப் பெற்றோர் குறைக்காமல் தரவேண்டும். தந்தையரும் உடன்வந்து முதலுதவி பயிலவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை அவர்கள் கையில்தானே இருக்கிறது! ஒருவர் எத்தனை குழந்தைகளை ஏற்பது என்பதற்கும் நாமே வரம்பு கட்டுவோம். கைக்குழந்தை இரண்டுக்கு மேல் ஒருவரிடம் விடலாகாது என்பது எங்கள் கருத்து. குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணாகிய 1098-ஐ எல்லா வீட்டுச் சுவரிலும் எழுதிவைப்போம்.

சென்ற வாரம் பெரியம்மாவைக் கண்டு மீண்டும் குழந்தைகளை ஏற்பீர்களா என்று கேட்டோம். “முதல்லே கத்துக் கொடுங்கோ, அப்புறம் பாக்கலாம்” என்றார். பட்டியலில் அவர் பெயரை முதலாவதாக எழுதியிருக்கின்றோம். இதுவரை சேர்ந்தவர் ஒன்பது பேர். இன்னும் மூவர் சேர்ந்தால் வரும் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை இம்மண்டபத்திலேயே முதல் வகுப்பை நடத்தலாம். பெயர் தர விரும்புவோர் உணவுக்குப் போகும் வழியில் வாயிலருகே உள்ள மேசையில் எழுதிச் செல்க.