கரண்ட் போனால் ஃபோன் ஏன் ஊமையாகிறது?

(மூத்த உறுப்பினர்களுக்கான மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொலைபேசிப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் காலனியில் தனியாக இருக்கும் மாமி ஒருவர் கேட்டார்: "பழைய டெலிபோன் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசும். ஃபைபர் வந்தபின் ஏன் ஊமையாகிவிடுகிறது?" நல்ல கேள்வி.

பழைய செம்புக் கம்பியில் குரலோடு மின்சாரமும் வந்தது. எக்ஸ்சேஞ்ச் பாட்டரியின் 48 வோல்ட்தான் உங்கள் ஃபோனுக்குச் சாப்பாடு. ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி மட்டுமே வரும், மின்சாரம் வராது. ஒளியைக் குரலாக மாற்றும் பெட்டிக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் வேண்டும்.

இழையின் நடுத்தண்டு சுமார் 9 மைக்ரான். மேலுறைக் கண்ணாடியோடு சேர்த்து 125 மைக்ரான். ஏறக்குறைய ஒரு தலைமுடிப் பருமன்தான். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பின்படி, ஒளி வெளியே கசியாமல் உள்ளேயே ஓடுகிறது. வேகம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்.

இழைக்கற்றை வழியே படத்தை அனுப்பலாம் என்று 1954-இல் லண்டனில் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து காட்டியவர், நம் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. கண்ணாடியின் மாசை நீக்கினால் ஒளி வெகுதூரம் போகும் என்று 1966-இல் சொன்னவர் சார்லஸ் காவ். அவருக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, வீட்டில் கவனிக்க வேண்டியவை.

ஒயரைக் கூர்மையாக மடிக்காதீர்கள்; ஆணியில் இறுக்கிச் சுற்றாதீர்கள். வளைவில் ஒளி கசிந்துவிடும். பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள், புகார் கொடுங்கள். அறுந்த இழையைச் செம்புக் கம்பிபோல் முறுக்கி இணைக்க முடியாது. உருக்கி ஒட்டத் தனிக் கருவி உண்டு. இழை முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

முக்கியமாக, பெட்டியின் அடாப்டரில் எழுதியுள்ள வோல்டேஜுக்குப் பொருத்தமான சிறிய யு.பி.எஸ். ஒன்று வாங்கி வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அந்தப் பிளக்கையே அதில் சேர்த்துவிடலாம். மொபைலையும் சார்ஜ் செய்து கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அப்பா அம்மாவின் ஃபோன் பேசுகிறதா என்று பாருங்கள். ராத்திரி வேளையில் டாக்டரைக் கூப்பிட வேண்டியபோது தெரிந்துகொள்வதைவிட, இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.