கப்பில் ஒளிந்திருக்கும் பிளாஸ்டிக்

டீக்கடைக் காகிதக் கப் வெறும் காகிதம் அல்ல. உட்புறத்தில் மெல்லிய பாலித்தீன் பூச்சு இருப்பதால்தான் சூடான டீ அதை ஊறவைப்பதில்லை. அந்தப் பூச்சு மக்காது. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் ஒன்று.

அதனால் இந்தக் கப்பை வீட்டு உரத்தொட்டியில் போடக் கூடாது. தொட்டிக்கு ஏற்றது முட்டை அட்டை.

பழைய காகிதக் கூழில் செய்யப்படும் அதில் கரிச்சத்து மிகுதி. காய்கறிக் கழிவில் நைட்ரஜன் மிகுதி. இரண்டும் சேர்ந்தால்தான் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். அட்டையைச் சிறு துண்டுகளாகக் கிழித்துக் கழிவுக்கு இடையே போட்டால் கூடுதல் ஈரத்தை உறிஞ்சும், காற்றுக்கு வழிவிடும், நாற்றமும் அடங்கும். இதைக் குப்பை வண்டியில் போடுவது பெரிய வீண்.

மற்ற உணவுப் பெட்டிகளில் சந்தேகம் வந்தால், ஒரு துண்டைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கசக்கிப் பார்க்கலாம். காகிதம் கரைந்தபின் கண்ணாடி போன்ற படலம் கையில் மிஞ்சினால், அந்தப் பெட்டி தொட்டிக்கு ஆகாது.