கதிருக்கு ஓர் அளவு

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் நாள், ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் கொன்ராட் றொன்ட்ஜென் என்னும் பௌதிகப் பேராசிரியர் புதியதொரு கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டின் தொடக்க வாரங்கள் கழியுமுன்னரே அக்கதிர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வைத்தியர்களின் கைக்கு வந்துவிட்டது. றொன்ட்ஜென் தமது கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரவில்லை. வேண்டிய கண்ணாடிக் குழாயும் மின்தூண்டற் சுருளும் பல ஆய்வுக்கூடங்களில் முன்னரே இருந்தன. இல்லாதிருந்தவர் ஆசிரியர் ஒருவரே. படம்பிடிப்போரும், மின்தொழில் அறிந்தோரும், பௌதிகவியலாரும், வைத்தியரும் ஒரே வேளையில் இக்கலையில் இறங்கினர். ஒருவர் மற்றவருக்கு மாணாக்கராக அமைந்தனர்.

இவ்வாறு ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டிய தேவையே கதிரியற் சங்கங்களைத் தோற்றுவித்தது. 1897இல் இலண்டனில் றொன்ட்ஜென் சங்கம் அமைந்தது. அதன் முதல் தலைவர் சில்வேனஸ் தொம்சன் வைத்தியர் அல்லர், பௌதிக அறிஞர் என்பது கருதத்தக்கது. அதே ஆண்டில் ஹம்பேர்க் நகரில் ஹைன்றிச் அல்பேர்ஸ்-ஷொன்பேர்க் என்ற வைத்தியர் கதிரியலுக்கெனத் தனியான ஒரு சஞ்சிகையை ஆரம்பித்தார். 1900இல் அமெரிக்காவிலும் 1905இல் ஜேர்மனியிலும் சங்கங்கள் தோன்றின. ஒவ்வொரு சங்கமும் தன் நாட்டுக்குள்ளே நன்றாகவே பணியாற்றியது. தொல்லை விளைந்தது நாட்டின் எல்லையில்.

அத்தொல்லை யாதெனின், கதிரை அளப்பதற்கு உலகத்தார் யாவரும் ஒப்பும் கோல் ஒன்று இல்லாமையே. படம் எடுப்பதற்கு மட்டும் கதிர் பயன்பட்டிருப்பின் இக்குறை பெரிதாகத் தோன்றியிராது. படம் தெளிவாக வந்ததா, இல்லையா என்பதைக் கண்ணே கூறிவிடும். ஆயின், புற்றுநோய்க்கும் தோல்நோய்க்கும் கதிரே மருந்தாகத் தொடங்கியிருந்தது. மருந்தென்றால் அளவு வேண்டுமன்றோ? தொடக்கத்தில் மனிதத் தோலே அளவுகோலாயிற்று. எவ்வளவு கதிர் பட்டால் தோல் சிவக்குமோ அதுவே ஒரு மாத்திரை எனக் கொண்டனர். வியன்னாவில் கைடோ ஹோல்ஸ்க்னெக்ற் 1902இல் நிறம் மாறும் உப்பைக் கொண்டு அளக்கும் கருவியொன்றை அமைத்தார். அதன்பின் பரிஸ் நகரில் சபூறோ, நுவாறே என்னும் இருவர் பச்சை நிறத்திலிருந்து கபில நிறத்துக்கு மாறும் சிறு வில்லைகளை வழக்குக்குக் கொண்டுவந்தனர். வில்லையின் நிறத்தை மாதிரி நிறத்தோடு ஒப்பிட்டு, போதும் என்று நிறுத்த வேண்டும். பகலொளியில் ஒரு நிறமாகவும் விளக்கொளியில் வேறொரு நிறமாகவும் அது தோன்றும். பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்பவும் வேறுபடும். நோயாளியின் உடல் இத்தகைய தீர்ப்பை நம்பியே இருந்தது.

கதிர் காற்றை அயனாக்குகின்றது. ஆதலால் அக்காற்றில் உண்டாகும் மின்னேற்றத்தை அளந்து கதிரின் அளவை அறியலாம் என்று 1908இலேயே பிரெஞ்சு அறிஞர் போல் வில்லார் எடுத்துக் கூறியிருந்தார். நல்வழி அதுவே என்பதைப் பின்னர் யாவரும் ஒப்பினர். ஆயினும், ஒப்பிய பின்னும் ஒவ்வொருவர் தம் வழியே சென்றனர். 1920களில் பிரான்சில் சொலொமன் என்பார் றேடியத்தை ஆதாரமாகக் கொண்டு ஓர் அலகை வகுத்து, அதற்கு 'ஆர்' என்று பெயரிட்டார். ஜேர்மனியில் பெஹ்ன்கன் என்பார் மின்னேற்றத்தை ஆதாரமாகக் கொண்டு வேறோர் அலகை வகுத்து, அதற்கும் 'ஆர்' என்றே பெயரிட்டார். பெயர் ஒன்று; ஆனால் ஜேர்மன் ஆர், பிரெஞ்சு ஆரைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமானது. பரிஸ் வைத்தியர் ஒருவர் தாம் குணப்படுத்திய நோயைப் பற்றிச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையைப் பெர்லின் வைத்தியர் படித்து, அதே எண்ணைத் தம் நோயாளிக்குப் பிரயோகித்தால் தோல் வெந்துவிடும்; மறுதலையாகச் செய்தால் கட்டி கரையாது எஞ்சிவிடும். அறிவு எல்லை கடந்தும், அளவு கடவாது நின்றமையின் விளைவு இது.

இந்நிலையில், 1925ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் முதலாவது சர்வதேசக் கதிரியல் மகாநாடு கூடியது. பல நாட்டுச் சங்கங்கள் பிரதிநிதிகளை அனுப்பின. அம்மகாநாடு அளவை பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தது. மூன்று ஆண்டுகளின் பின், 1928இல், சுவீடனைச் சேர்ந்த கொஸ்ரா பொர்செல் தலைமையில் ஸ்ரொக்ஹோமில் கூடிய இரண்டாவது மகாநாட்டில் அக்குழுவின் முடிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பூச்சியப் பாகை வெப்பத்திலும் 76 சென்ரிமீற்றர் இரச அழுத்தத்திலும் உள்ள ஒரு கன சென்ரிமீற்றர் காற்றில் நிலைமின் அலகு ஒன்றின் மின்னேற்றத்தை உண்டாக்கும் கதிரளவு எதுவோ, அதுவே ஓர் அலகு. அதன் பெயர் றொன்ட்ஜென். கேட்பதற்கு உலர்ந்த வாக்கியந்தான். எனினும், சங்கங்கள் ஒன்றுகூடிச் செய்த பணிகளுள் இதைவிடப் பயனுள்ளது வேறொன்று உண்டோ என்பது ஐயமே. சொலொமனோ பெஹ்ன்கனோ வென்றதாக எவரும் கூறவில்லை. காற்றும் வெப்பமும் அழுத்தமும் எந்த நாட்டுக்கும் தனியுடைமை அல்லவாதலால், அலகை அவற்றின் மேல் நிறுத்தினர்.

தீர்மானம் எழுதுவது எளிது. அளவு ஒத்திருப்பதைக் காட்டுவது அரிது. 1931இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் லோரிஸ்ரன் ரெய்லர் தாம் அமைத்த அளவைக் கலத்தைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார். அங்குள்ள தேசிய ஆய்வுக்கூடங்களின் கருவிகளோடு அதை அருகருகே வைத்து ஒரே கதிரை அளந்து பார்த்தார். கதிரியலின் வரலாற்றில் பெருங் கண்டுபிடிப்புகளைப் பற்றி எழுதுவோர் இந்தப் பயணத்தைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. ஆயினும், ஒரு நாட்டு வைத்தியர் எழுதிய எண்ணை மற்றொரு நாட்டு வைத்தியர் நம்பலாம் என்ற நிலை இத்தகைய பொறுமையான ஒப்புநோக்கினாலேயே உண்டாயிற்று.

ஸ்ரொக்ஹோம் மகாநாடு மற்றொரு பணியையும் தொடக்கியது. அது கதிரைக் கையாள்வோரின் உயிரைப் பற்றியது. தோமஸ் எடிசனின் உதவியாளர் கிளாறன்ஸ் டாலி 1904இலேயே கதிர்ப் புண்களால் இறந்திருந்தார். சஞ்சிகை தொடங்கிய அல்பேர்ஸ்-ஷொன்பேர்க் தம் இடக்கையை இழந்து, 1921இல் மரணமடைந்தார். நிறமாறும் உப்பால் கதிரை அளந்த ஹோல்ஸ்க்னெக்றும் 1931இல் அவ்வாறே மாண்டார். ஹம்பேர்க்கின் சென் ஜோர்ஜ் வைத்தியசாலை வளவில் 1936ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு நினைவுக்கல் திறந்துவைக்கப்பட்டது. கதிராலும் றேடியத்தாலும் உயிர்நீத்த எல்லா நாட்டினருக்கும் உரியது அக்கல். அன்று அதில் 15 நாடுகளைச் சேர்ந்த 169 பேரின் பெயர்கள் இருந்தன. 1959 அளவில் அத்தொகை 350ஐக் கடந்துவிட்டது. நாட்டுப்பற்று வெறியாகத் திரிந்திருந்த அந்த 1936இல், அந்த ஜேர்மனியிலே, பிறநாட்டார் பெயர்களையும் சேர்த்துப் பொறித்த கல் அது என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

1928இல் நியமிக்கப்பட்ட பாதுகாப்புக் குழுவின் முதல் தலைவர் சுவீடன் நாட்டு றொல்ப் சீவெர்ட். அக்குழுவின் முதல் விதிகளைப் படிப்போருக்கு ஒன்று வியப்பாகத் தோன்றும். கதிர்க் கூடத்தில் நாளொன்றுக்கு ஏழு மணிநேரத்துக்கு மேல் வேலை கூடாது. வாரத்தில் ஐந்து நாளுக்கு மேல் கூடாது. ஓய்வுநாள்களை இயன்றவரை திறந்த வெளியில் கழித்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு மாதமேனும் விடுமுறை வேண்டும். கதிரின் அளவைப் பற்றி அவ்விதிகளில் ஓர் எண்ணும் இல்லை. எண் 1934இல் வந்தது: நாளொன்றுக்கு 0.2 றொன்ட்ஜென். அது எவ்வாறு பெறப்பட்டது? தோல் சிவக்க ஏறக்குறைய 600 றொன்ட்ஜென் வேண்டும். அதில் நூறில் ஒரு பங்கை ஒரு மாதத்துக்குத் தாங்கலாம் என்று மதிப்பிட்டனர். அது 6 றொன்ட்ஜென். முப்பது நாளுக்குப் பங்கிட்டால் 0.2. அதே ஆண்டில் அமெரிக்கக் குழு, ஏறக்குறைய அதே ஆதாரங்களைக் கொண்டு 0.1 என்று வகுத்தது. இரண்டும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஊகங்களே. தாங்கத்தக்க அளவு என்று ஒன்று உண்டு, அதற்குக் கீழே தீங்கே இல்லை என்ற நம்பிக்கையின் மேல் அவை நின்றன.

யுத்தம் இக்கூட்டுறவைக் குலைத்தது. 1937இல் சிக்காகோவில் ஐந்தாவது மகாநாடு கூடியபின், ஆறாவது மகாநாடு 1950இல் இலண்டனிலேயே கூடமுடிந்தது. சிதறிய குழுக்களை மீளக் கூட்டும் பொறுப்பை ரெய்லர் ஏற்றார். பாதுகாப்புக் குழு அவ்வாண்டில் இன்றைய பெயரைப் பெற்றுச் சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணைக்குழுவாயிற்று. 1953இல் கொப்பன்ஹேகன் மகாநாட்டில், நாடுகளின் சங்கங்களை எல்லாம் உறுப்பாகக் கொண்ட சர்வதேசக் கதிரியற் சங்கம் நிறுவப்பட்டது. தாங்கத்தக்க அளவு என்ற பழைய நம்பிக்கையும் அக்காலத்தில் கைவிடப்பட்டது. பரம்பரைக் கூறுகளுக்கு நேரும் தீங்கும், இரத்தப் புற்றுநோயும் கவனத்துக்கு வந்தமையே காரணம். எல்லை மேன்மேலும் குறைந்தது. 1990இல் அவ்வாணைக்குழு தொழிலாளருக்கு வகுத்த எல்லை, ஐந்தாண்டுச் சராசரியாக, ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட். 1934இன் எல்லையளவும் கதிர் பெற்ற ஒருவர் ஓராண்டில் பெற்றிருக்கக்கூடியது ஏறத்தாழ இதன் இருபத்தைந்து மடங்கு. முதல் தலைவரின் பெயரே இன்று அலகின் பெயராக வழங்குகின்றது.

இனி, கல்வியைப் பற்றிச் சிறிது. மகாநாடுகள் பெருநகரங்களில் கூடின, செல்லக்கூடியவர் சென்றனர். ஆயின், உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படம்கூட எட்டாத பொருளாகவே இருந்தது என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருந்தது. 1970களின் பிற்பகுதியில் அந்த ஸ்தாபனமும் கதிரியல் அறிஞர் சிலரும் சேர்ந்து எளிய இயந்திரம் ஒன்றை வகுக்க முற்பட்டனர். குழாய்க்கும் படத்தகட்டுக்கும் இடையேயுள்ள தூரம் 140 சென்ரிமீற்றர் என நிலையாகப் பொருத்தப்பட்டது. இயக்குபவர் பிழைவிட இடம் குறைவு. மின்சாரம் தடைப்படும் ஊர்களுக்காக அது மின்கலத்தில் இயங்கியது. அதனோடு சில கைநூல்களும் வந்தன: படமெடுக்கும் முறைக்கு ஒன்று, இருட்டறை வேலைக்கு ஒன்று, கதிரியல் வைத்தியர் இல்லாத இடத்தில் பொது வைத்தியர் படத்தைப் பார்த்து அறிவதற்கு ஒன்று. இந்த இறுதி நூல் 1985இல் வெளியாயிற்று. அதன் ஆசிரியர்களுள் ஆபிரிக்க வைத்தியசாலைகளில் ஆண்டுக் கணக்காகப் பணியாற்றியவர்களும் இருந்தனர். நூலின் தெளிவுக்கு அதுவே காரணம் எனலாம். இயந்திரம் எதிர்பார்த்த அளவு பரவவில்லை. நூல்களோ இயந்திரம் போகாத இடங்களுக்கும் போயின. ஒரு துறையின் வல்லுநர், தம் தொழிலின் ஒரு பகுதியைப் பிறருக்குக் கற்பித்துக் கையளித்தல் எளிதான செயலன்று.

பார்வையையும் ஒருமைப்படுத்தவேண்டிய தேவை சுரங்கத் தொழிலாளரின் வழக்குகளில் மிகத் தெளிவாகத் தெரிந்தது. கற்றூசியும் நிலக்கரித்தூசியும் சுவாசப்பையில் படிவதால் வரும் நோய்க்கு நட்டஈடு உண்டு. ஆனால் நோய் உண்டா என்பதைக் கூறுவது படம். படத்தைப் படிப்பவர் மனிதர். ஒரே படத்தை ஒரு வைத்தியர் நோயுற்றதென்பார், மற்றவர் மாசற்றதென்பார். 1930இல் ஜொஹனஸ்பேர்க்கில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் கூட்டிய மகாநாட்டில் இதற்கு ஒரு பாகுபாடு வகுக்கும் முயற்சி தொடங்கியது. பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டது. விளக்கச் சொற்களால் மட்டும் காரியம் ஆகவில்லை. ஆகவே மாதிரிப் படங்களின் தொகுதி ஒன்றை அச்சிட்டு நாடுகளுக்கு அனுப்பினர். 1980ஆம் ஆண்டுத் தொகுதியில் 22 படங்கள். தொழிலாளியின் படத்தை ஒளிப்பலகையில் மாட்டி, மாதிரிகளை அருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புக் கூற வேண்டும். வில்லையின் நிறத்தை ஒப்பிட்ட பழைய முறையை இது நினைவூட்டினாலும், இங்கே மாதிரி உலகெங்கும் ஒன்றே.

அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கச் சட்டம் 1969இல் நிறைவேறியபின், இவ்வாறு படிக்கத் தெரிந்தவரை அறிய 1974 முதல் ஒரு பரீட்சை நடத்தப்பட்டது. அந்நாட்டுக் கதிரியற் கல்லூரி வைத்தியர்களுக்கு வகுப்புகள் நடத்தியது. மாதிரிகள் இன்று திரையில் தோன்றும் எண்ணுருப் படங்களாகவும் வழங்கப்படுகின்றன. பாகுபாடு 2022இலும் திருத்தப்பட்டது.

இப்பாகுபாட்டில் ஓர் அரிய ஏற்பாடு உண்டு. தூசிப் புள்ளிகளின் செறிவை வைத்தியர் ஒரே எண்ணாகக் கூறுவதில்லை. இரண்டு எண்களை எழுதுகின்றார். முதலாவது எண் அவர் தேர்ந்த வகுப்பு. இரண்டாவது, தேருமுன் அவர் உண்மையாகவே கருதிப்பார்த்த வகுப்பு. 1/0 என்றால், நோய் முதல் வகுப்பில் உள்ளது என்று முடிவு செய்தேன், ஆயினும் நோயில்லை என்றே கூறியிருக்கவும் கூடும் என்பது பொருள். 0/1 என்றால் அதன் மறுதலை. எதிலும் ஐயமின்றிக் கண்டது 1/1. பன்னிரண்டு படிகளாக அமைந்த இவ்வரிசையில் வைத்தியரின் ஐயமும் பதிவாகின்றது. மற்றொரு நாட்டில், மற்றொரு மொழி பேசும் வைத்தியர் அந்த இரு எண்களைக் கண்டதும், முன்னவர் எங்கே உறுதியாக இருந்தார், எங்கே தயங்கினார் என்பதை அறிந்துகொண்டு, சுரங்கத் தொழிலாளியின் படத்தை ஒளியின் முன்னே மீண்டும் ஒருமுறை உயர்த்திப் பார்க்கின்றார்.