சூடு பார்க்கப் போய்...

பங்குனி வெயிலில் நாகர்கோவில் பக்கம் கம்ப்யூட்டர் கொதித்தால், சிலர் ஹெச்டபிள்யூ-இன்ஃபோ மாதிரி மென்பொருளைப் போட்டு சூடு பார்ப்பார்கள். அபூர்வமாக, திறந்ததுமே நீலத்திரை வந்துவிடும்!

சுசீந்திரம் கோயிலில் கருவறைக்குள் அர்ச்சகரான போற்றிதானே போகலாம்? விண்டோஸின் கருவறை கெர்னல். சிப்பின் சூட்டை அறிய, இந்த மென்பொருள்கள் அங்கே டிரைவர் என்ற ஒரு நிரலை அனுப்புகின்றன. அது தடுமாறினால் மொத்தமும் நின்றுபோகும். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறில் சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்ததும் கெர்னலுக்குள் நடந்த பிழையால்தான். சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸையே கையால் எழுதினார்கள், பாவம்!

ஒரே நேரத்தில் இரண்டு கண்காணிப்பு மென்பொருள்களை ஓடவிடாதீர்கள். கணினி அடிக்கடி நின்றால் சேஃப் மோடில் போய் அந்த மென்பொருளை நீக்குங்கள். விண்டோஸ் ஃபோல்டரிலுள்ள மினிடம்ப் என்ற கோளாறுப் பதிவுக் கோப்பை புளூஸ்கிரீன்வியூ என்ற மென்பொருளில் திறந்தால், பெரும்பாலும் குற்றவாளி டிரைவரின் பெயர் தெரியும். கடைக்குத் தூக்கிப் போகுமுன் அதைப் பாருங்கள், நேயர்களே.